"சர்ஜ்" என்ற ஆங்கிலச் சொல்: எங்கே என்ன பொருள், தமிழில் எப்படிச் சொல்வது?

யாழினி:
எல்லோருக்கும் வணக்கம். பேரிடர் கால வழிகாட்டிக் கையேடு ஒன்றைத் தமிழில் கொண்டுவரும் வேலையில் இருக்கிறேன். அதில் ஒரே ஒரு சொல் என்னை நகரவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. சர்ஜ்.

முதல் அத்தியாயத்தில் புயலோடு சேர்ந்து "ஸ்டார்ம் சர்ஜ்" என்று வருகிறது. அடுத்ததில் நின்றுபோன மின்சாரம் திரும்பும்போது "பவர் சர்ஜ்". பிறகு மருத்துவமனைப் பகுதியில் "பேஷன்ட் சர்ஜ்", நிவாரண முகாம் பகுதியில் "க்ரவுட் சர்ஜ்". கடைசியில் அத்தியாவசியப் பொருட்களின் விலையிலும் சர்ஜ். அகராதியைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் "எழுச்சி" என்கிறது. "நோயாளிகள் எழுச்சி" என்று எழுதிப் பார்த்தேன், நோயாளிகள் போராட்டத்தில் இறங்கியதுபோல் இருக்கிறது. "விலை எழுச்சி" அதைவிட மோசம்.

திடீர் உயர்வு என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகலாமா? அல்லது இடத்துக்கு இடம் வேறு சொல் போட வேண்டுமா? அவரவர் துறையில் இந்தச் சொல்லை எப்படிப் புழங்குகிறீர்கள் என்று சொன்னால் பெரிய உதவி.

பழைய அகராதி:
நல்ல கேள்வி யாழினி. வேரிலிருந்து போகலாம், அப்போதுதான் கிளைகள் புரியும்.

லத்தீனில் "சுர்கெரே" என்றால் எழு, மேலே வா. பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அது முதலில் சுட்டியது ஊற்றை, பீறிட்டு வரும் நீரை. அதன்பிறகு கடலில் புரண்டு வரும் பேரலையைக் குறித்தது. விலை, மின்சாரம், கூட்டம் எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. ஆக, இது அடிப்படையில் தண்ணீர்ச் சொல்.

உறவுக்காரச் சொற்களையும் பாருங்கள். ஊற்றுமூலத்தைக் குறிக்கும் "சோர்ஸ்", மீண்டும் தலைதூக்குவதைக் குறிக்கும் "ரிசர்ஜென்ஸ்", அரசுக்கு எதிராகக் கிளம்பியவரைக் குறிக்கும் "இன்சர்ஜென்ட்", உயிர்த்தெழுதலைக் குறிக்கும் "ரிசரக்ஷன்" எல்லாம் ஒரே குடும்பம். ஆனால் "சர்ஜரி" இந்தக் குடும்பம் இல்லை. அது கிரேக்கத்தில் கையையும் வேலையையும் சேர்த்து உண்டான சொல், கைவேலை என்று பொருள். பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால் சொல்கிறேன்.

அகராதிக்காரர்கள் "எழுச்சி" என்று போட்டதில் தப்பே இல்லை. லத்தீன் வேருக்கும் நம் "எழு" என்ற வேருக்கும் பொருள் அப்படியே பொருந்துகிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழில் எழுச்சி என்ற பெயர்ச்சொல் மக்கள், உணர்வு, இயக்கம் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது. அதற்குள் ஒரு பெருமிதம் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லுக்கு அந்தப் பெருமிதம் கிடையாது. நல்லதும் சர்ஜ் ஆகும், கெட்டதும் ஆகும்.

செய்தியறை:
அகராதி ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். எங்கள் மேசைக்கு வரும் மொழிபெயர்ப்புகளில் நான் அதிகம் அடித்துத் திருத்துவது இந்த மாதிரி வாக்கியங்களைத்தான்: "எரிபொருள் விலையில் எழுச்சி காணப்பட்டது." இப்படி யார் பேசுகிறார்கள்? "எரிபொருள் விலை கிடுகிடுவென ஏறியது" என்று எழுதினால் முடிந்தது.

ஆங்கிலம் வேகம், அளவு, திடீர்த்தன்மை மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்துவிடும். தமிழ் அதைப் பிரித்து வைத்திருக்கிறது. வினை ஒன்று, அதற்கு முன்னால் வேகத்தைச் சொல்லும் இரட்டைக்கிளவி ஒன்று. கிடுகிடுவென ஏறியது. மளமளவெனப் பெருகியது. குபுகுபுவெனப் பொங்கியது. அதனால் யாழினி, பெயர்ச்சொல்லுக்குப் பெயர்ச்சொல் தேடாதீர்கள். எது சர்ஜ் ஆகிறது என்று பாருங்கள், அதற்குத் தமிழில் என்ன வினை வரும் என்று யோசியுங்கள். விலை ஏறும், எகிறும். தண்ணீர் பெருகும், புகும். கோபம் பொங்கும். ரத்தம் பீறிடும். கூட்டம் முண்டியடிக்கும். ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கவே வேண்டாம்.

இலக்கணத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் தன்வினை. விலை தானே சர்ஜ் ஆகும். அரசோ நிறுவனமோ விலையை ஏற்றினால் அங்கே "ஹைக்" என்பதுதான் சொல். யாராவது கை வைத்து ஏற்றினார்களா, தானாக எழுந்ததா என்று கேட்டுக்கொண்டால் குழப்பம் வராது. தமிழிலும் அதே வேறுபாடு இருக்கிறது: விலை உயர்ந்தது, விலையை உயர்த்தினார்கள். மொழிபெயர்க்கும்போது இதை மாற்றிவிட்டால் பொறுப்பு யாருடையது என்பதே மாறிவிடும். செய்தியில் அது பெரிய விஷயம்.

தேர்வுக்காரன்:
அண்ணா, நான் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதப் போகிறேன். வரைபடத்தை விவரிக்கும் கேள்வியில் சர்ஜ், ஸ்பைக், சோர், ஸ்பர்ட் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போடலாமா? எல்லாம் திடீர் உயர்வுதானே?

செய்தியறை:
இல்லை தம்பி, கோட்டின் வடிவத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

ஸ்பைக் என்பது ஆணி மாதிரிக் கூர்முனை. சட்டென்று ஏறி உச்சி தொட்டவுடன் சட்டென்று இறங்கும். கோட்டில் ஊசி குத்தியதுபோல் தெரியும். சர்ஜ் அவ்வளவு ஒடுக்கமாக இருக்காது. ஏற்றம் வேகமாக இருக்கும், ஆனால் அதற்கு அகலமும் கனமும் உண்டு, கொஞ்ச காலம் நின்றுவிட்டுத்தான் வடியும். சோர் என்றால் உயரப் பறப்பது. எவ்வளவு உயரம் போனது என்பதுதான் அங்கே பேச்சு, இறங்கியதா என்பது பற்றிக் கவலை இல்லை. ஸ்பர்ட் குறுகிய வேகம். பருவ வயதில் பிள்ளைகள் மடமடவென வளர்வதை "க்ரோத் ஸ்பர்ட்" என்பார்கள், அங்கே யாரும் சர்ஜ் போட மாட்டார்கள்.

முக்கியமாக, பத்து ஆண்டுகளில் 20 விழுக்காட்டிலிருந்து 24 விழுக்காட்டுக்குப் போன கோட்டுக்கு இதில் எதுவுமே பொருந்தாது. அது மெல்ல ஏறியது, அவ்வளவுதான். பெரிய சொல் போட்டால் மதிப்பெண் வரும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், நம்பாதே.

அப்புறம் முன்னிடைச்சொல். எதில் உயர்வு என்று சொல்லும்போது "சர்ஜ் இன்" வரும்: விலையில், தேவையில், எண்ணிக்கையில். எது பொங்கி வருகிறது என்று சொல்லும்போது "சர்ஜ் ஆஃப்": கோபம், உற்சாகம், மின்சாரம், நீர். தேர்வில் நிறையப் பேர் இதைக் கோட்டைவிடுகிறார்கள்.

ஸ்பைக்குக்கு வேறு பொருள்களும் இருப்பதைத் தெரிந்து வைத்துக்கொள். பழைய ஆங்கிலப் பத்திரிகை அலுவலகங்களில் ஆசிரியர் மேசையில் ஒரு கூரான இரும்புக் கம்பி நட்டுக்கொண்டு நிற்கும். அச்சுக்குப் போகாத தாள்களை அதில் குத்தி வைப்பார்கள். அதனால் ஒரு செய்தியை "ஸ்பைக்" செய்தார்கள் என்றால் வெளியிடாமல் நிறுத்திவிட்டார்கள் என்று பொருள். உயர்வு என்று மொழிபெயர்த்தால் தலைகீழாகிவிடும்.

மின்வழி:
பவர் சர்ஜ் பகுதிக்கு நான் வருகிறேன். இதில் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டால் மக்களுக்குப் பணமும் போகும், பொருளும் போகும்.

மின் துறையில் சர்ஜ் என்பது மிக மிகக் குறுகிய நேரம் வந்துபோகும் மின்னழுத்த உயர்வு. மைக்ரோ நொடிக் கணக்கு. ஆய்வகத்தில் சோதனைக்கு வைத்திருக்கும் அலை வடிவமே 1.2/50 மைக்ரோ நொடி என்று போகும். அதாவது சுமார் 1.2 மைக்ரோ நொடியில் உச்சிக்கு ஏறி, 50 மைக்ரோ நொடியில் பாதியாக இறங்கிவிடும். பக்கத்தில் இடி விழுந்தாலோ, பெரிய மோட்டார் நின்றாலோ, லைனில் சுவிட்ச் போட்டு எடுத்தாலோ இது உண்டாகும். அளவு ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கலாம், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

கடைகளில் "சர்ஜ் ப்ரொடெக்டர்" என்று வாங்குகிறோமே, அதற்குள் எம்ஓவி என்று ஒரு சின்ன வட்டத் தகடு இருக்கும். காசு அளவுதான் இருக்கும், இரண்டு கம்பிக் கால். சாதாரண வோல்டேஜில் அது மின்சாரத்தைக் கடத்தாது. வோல்டேஜ் எல்லை தாண்டியதும் கடத்த ஆரம்பித்து, வந்த அதிகப்படியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறை அடி வாங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் ஜூல் கணக்கில் போட்டிருப்பார்கள். ஒருநாள் அது செத்துப்போயிருக்கும், ஆனால் பிளக் வழியாகக் கரண்ட் வழக்கம்போல் போய்க்கொண்டிருக்கும். பாதுகாப்பு விளக்கு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள் என்று கையேட்டில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் "ஹை வோல்டேஜ் வந்து டிவி போயிடுச்சு" என்று சொல்வது பெரும்பாலும் இந்த சர்ஜ் இல்லை. மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் என்ற பொதுக் கம்பி அறுந்துவிட்டால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் பக்கம் வரலாம். அது நொடிக் கணக்கில், நிமிடக் கணக்கில் நிற்கும். அதைத் தாங்க எம்ஓவியால் முடியாது, சூடேறி எரிந்தே போகும். அதற்குத் தனியாக ஓவர் வோல்டேஜ் கட்ஆஃப் வேண்டும். மெதுவாக ஏறி இறங்கும் வோல்டேஜுக்கு ஸ்டெபிலைசர். மூன்றும் மூன்று வேலை. "மின்சார உயர்வு" என்று பொத்தாம்பொதுவாக மொழிபெயர்த்தால் படிப்பவர் ஒரு சர்ஜ் ப்ரொடெக்டரை மாட்டிவிட்டு எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு என்று நினைத்துக்கொள்வார்.

என் பரிந்துரை "நொடிப்பொழுது மின் அதிர்வு". "மின் எழுச்சி" என்று பாடநூல் வழியில் சொன்னாலும் சரி, பக்கத்தில் "கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக வந்துபோவது" என்று ஒரு விளக்கம் கட்டாயம் வேண்டும்.

கூர்நோக்கு:
"அதிர்வு" வேண்டாம் ஐயா. மின்சாரமும் அதிர்வும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஷாக் அடிப்பது என்றுதான் படிப்பார்கள். "மின்னழுத்தத் துள்ளல்" எப்படி? துள்ளினால் உடனே கீழே இறங்கிவிடும் என்ற குறிப்பும் அதிலேயே இருக்கிறது.

மின்வழி:
துள்ளல் நன்றாக இருக்கிறது. ஏற்கிறேன்.

நீலக்கடல்:
கப்பல் இயந்திர அறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சர்ஜ் என்றால் எப்போதும் உயர்வு என்று நினைத்துவிடாதீர்கள்.

கப்பலுக்குக் கடலில் ஆறு விதமான அசைவு உண்டு. பக்கவாட்டில் உருள்வது, முனை ஏறி இறங்குவது என்று போகும் பட்டியலில், கப்பல் மொத்தமாக முன்னும் பின்னும் தள்ளாடுவதற்குப் பெயர் சர்ஜ். மேலும் கீழும் போவதற்கு வேறு பெயர், "ஹீவ்". ஆக அங்கே உயரம் என்ற பேச்சே இல்லை.

கயிறு இழுக்கும் உருளையில் சுற்றிய கயிறு பிடி நழுவிச் சட்டென்று தளர்ந்து ஓடுவதையும் மாலுமிகள் சர்ஜ் என்றுதான் சொல்வார்கள். ஏறுவதற்குப் பதில் தளர்வது!

இயந்திரத்துக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போசார்ஜர் சர்ஜ் ஆனால் இயந்திர அறையில் இருக்கிறவனுக்கு வயிற்றைக் கலக்கும். கம்ப்ரசர் முன்னோக்கித் தள்ள வேண்டிய காற்று, எதிர்ப்பக்க அழுத்தம் அதிகமாகி, திரும்பி வந்துவிடும். மறுபடி முன்னால் போகும், மறுபடி திரும்பும். டம் டம் என்று இருமுவதுபோல் ஒரு சத்தம் வரும். காதில் மாட்டியிருக்கும் மூடியையும் தாண்டி அது நெஞ்சில் இடிக்கும். காற்று வடிகட்டியில் அழுக்குச் சேர்ந்திருக்கும், அல்லது திடீரென்று வேகத்தைக் குறைத்திருப்பார்கள். உடனே லோடைக் குறைத்துச் சரிசெய்யாவிட்டால் தாங்கிகள் (பேரிங்) போய்விடும். இதைப் போய் "திடீர் உயர்வு" என்று எழுதினால் பொருளே கெட்டுவிடும். இங்கே அது காற்றின் எதிரோட்டம்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இந்தச் சொல்லின் உயிர் உயரத்தில் இல்லை, பின்னாலிருந்து ஒரு கனம் மொத்தமாக உந்தித் தள்ளுவதில் இருக்கிறது என்று தோன்றுகிறது.

பழைய அகராதி:
அருமை நீலக்கடல். தண்ணீர்ச் சொல் என்று நான் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. உந்துதலோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வந்தது வடியும் என்ற எதிர்பார்ப்பு. சொல்லுக்குள்ளேயே அது மறைந்திருக்கிறது.

அரசியலில் இதைத் தெரிந்தே பயன்படுத்தினார்கள். 2007 ஜனவரி 10 அன்று அமெரிக்க அதிபர் புஷ், ஈராக்குக்கு 20,000-க்கும் மேற்பட்ட கூடுதல் வீரர்களை அனுப்பப்போவதாக அறிவித்தார். அந்த நடவடிக்கைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் "சர்ஜ்". எதிர்த்தவர்கள் அதை "எஸ்கலேஷன்" என்றார்கள், போரைப் பெரிதாக்குதல். செயல் ஒன்றுதான். ஒரு சொல் "கொஞ்ச நாளில் வடிந்துவிடும்" என்றது, இன்னொன்று "இது மேலே மேலே போகும்" என்றது. கூடுதலாகப் போன படைப்பிரிவுகள் 2008 ஜூலைக்குள் திரும்பின என்பது பிறகு நடந்தது. ஆனால் விவாதம் நடந்த நாட்களில் எந்தச் சொல்லை எடுத்தார்கள் என்பதே எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதைக் காட்டிக்கொடுத்தது. தமிழில் இரண்டையும் "படை அதிகரிப்பு" என்று எழுதிவிட்டால் அந்தச் சண்டையே வாசகருக்குத் தெரியாமல் போய்விடும்.

வெண்சீருடை:
நான் செவிலியர். மருத்துவமனைப் பகுதிக்கு "நோயாளிகள் வரத்து திடீரெனப் பெருகுதல்" என்று போடுங்கள் யாழினி. நாங்கள் வார்டில் "பேஷன்ட் லோடு ஏறிடுச்சு" என்போம், கையேட்டுக்கு அது ஒத்துவராது. "சர்ஜ் கெப்பாசிட்டி" என்று ஒரு சொற்றொடர் வந்திருக்குமே? வழக்கமான படுக்கைகளுக்கு மேல் எத்தனை பேரைச் சமாளிக்க முடியும் என்ற அளவு அது. படுக்கை மட்டும் இல்லை, ஆட்கள், ஆக்சிஜன், மருந்து, இடம் எல்லாம் சேர்ந்தது. "கூடுதல் தாங்குதிறன்" என்றால் போதும்.

உடம்புக்குள் நடக்கும் சர்ஜும் உண்டு. மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் எல்ஹெச் என்ற ஹார்மோன் திடுமென உயரும். அந்த உயர்வு தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை நாளில் கருமுட்டை வெளிவரும். சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டைகள் தேடுவது இதைத்தான். இங்கே ஏற்றமும் முக்கியம், இறக்கமும் முக்கியம். எப்போதும் உயர்ந்தே இருந்தால் அதற்கு வேறு காரணம் இருக்கும்.

இன்னொன்று. முற்றிய நோயில் நினைவு தப்பிக் கிடந்தவர், கடைசி நாட்களில் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிடக் கேட்பார். ஆங்கிலத்தில் செவிலியர்கள் இதையும் "சர்ஜ்" என்று சொல்வதுண்டு. குடும்பத்தார் குணமாகிவிட்டது என்று நம்பிவிடுவார்கள். எல்லோருக்கும் இப்படி வருவதில்லை, ஆனால் வரும்போது பார்த்தவர்களுக்குத் தெரியும். இதற்கு நாம் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. "அணையப்போகிற விளக்கு சுடர்விட்டு எரியும்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். நானும் உறவினர்களிடம் அந்த வார்த்தையைத்தான் மெதுவாகச் சொல்வேன், புரிந்துகொள்வார்கள்.

யாழினி:
வெண்சீருடை அக்கா, கடைசிப் பத்தியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நன்றி.

விலை, மின்சாரம், மருத்துவமனை மூன்றும் தெளிவாகிவிட்டன. கூட்டமும் புயலும் மீதம்.

கூர்நோக்கு:
கூட்டத்துக்கு நான் சொல்கிறேன். நம் செய்திகளில் எல்லாவற்றையும் "கூட்ட நெரிசல்" என்ற ஒரே பைக்குள் போட்டுவிடுகிறோம். க்ரவுட் சர்ஜ் என்பது நெரிசலுக்கு முந்திய கட்டம், கூட்டம் அலையாக முன்னோக்கித் தள்ளப்படுவது. ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டால் தனி ஆள் தன் இஷ்டத்துக்கு நடக்க முடியாது. பின்னால் ஒருவர் கொடுக்கும் தள்ளு முன்வரிசை வரை அலையாகப் போகும். முன்னால் இருப்பவருக்கு எதிரில் சுவர் இருந்தால் மூச்சு விட இடம் இருக்காது. பெரும்பாலோர் இறப்பது மிதிபட்டு இல்லை, நின்ற நிலையிலேயே மார்பு அழுந்தி மூச்சடைத்து. 2022 அக்டோபர் 29 அன்று சியோல் நகரின் இதேவோன் பகுதியில் ஒரு குறுகிய சரிவுச் சந்தில் 150-க்கும் மேற்பட்டோர் போனது அப்படித்தான்.

அதனால் "மக்கள் முண்டியடித்து ஓடினார்கள்" என்று எழுதும்போது பழி இறந்தவர்கள்மேல் விழுகிறது. யாரும் ஓடவே இல்லை, ஓட இடமே இல்லை. "பின்னாலிருந்து வந்த தள்ளலில் கூட்டம் முன்னோக்கி நெருக்கப்பட்டது" என்று எழுதுங்கள். செய்தியறை அண்ணா மேலே "முண்டியடிக்கும்" என்று போட்டிருந்தார், முகாம் பகுதிக்கு அது வேண்டாம்.

செய்தியறை:
சரியான பேச்சு. முண்டியடிப்பது மனிதர் விரும்பிச் செய்வது. இதற்கு "நெருக்கப்பட்டது" தான் பொருத்தம்.

நீலக்கடல்:
புயல் பகுதியை யாழினி மிகக் கவனமாகச் செய்ய வேண்டும். இந்த ஒரு சொல் புரியாமல் போய் உயிர்ச்சேதம் நடந்திருக்கிறது.

2013 நவம்பர் 8 அன்று ஹையான் புயல் பிலிப்பைன்ஸைத் தாக்கியது. அதிகாரபூர்வக் கணக்கில் மட்டும் 6,300 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பங்கு தக்லோபான் நகரையும் அதைச் சுற்றிய கரையோரத்தையும் சேர்ந்தவர்கள். காற்றைவிட அதிகம் கொன்றது கடல்நீர். "ஸ்டார்ம் சர்ஜ்" வரும் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். ஆனால் அந்த ஆங்கிலச் சொல் என்னவென்று நிறையப் பேருக்குத் தெரியவில்லை. "சுனாமி மாதிரி கடல் உள்ளே வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம்" என்று தப்பித்தவர்கள் சொன்னது அப்போது செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தது. வலுவான காற்றுக்குத் தயாராகி வீட்டுக்குள்ளேயே இருந்தவர்கள் அவர்கள்.

சரி, அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். புயல் கரையை நெருங்கும்போது காற்று கடல்நீரைக் கரைப்பக்கம் தள்ளிக் குவிக்கும். முக்கிய காரணம் இதுதான். புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறைவாக இருப்பதாலும் கடல் மட்டம் கொஞ்சம் எழும்பும். காற்றழுத்தத்தை அளக்கும் அலகில் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயர்வு. அழுத்தம் 60 குறைந்தாலும் 60 சென்டிமீட்டர்தான், மீதி மீட்டர் கணக்கெல்லாம் காற்றின் வேலை. கரையோரக் கடல் ஆழம் குறைவாக, நீண்ட சரிவாக இருந்தால் தண்ணீர் கீழே இறங்கிப் பரவ வழியில்லாமல் மேலே ஏறும். 1970 போலா புயலில் வங்காளக் கரையோரத்தில் லட்சக்கணக்கானோர் இறந்ததற்கு ஆழமற்ற அந்தக் கடலும் தாழ்வான தீவுகளும் முக்கியக் காரணம். இந்த உயர்வு நடக்கும் நேரத்தில் ஓதமும், அதாவது கடலின் அன்றாட ஏற்ற இறக்கமும், ஏறிய நிலையில் இருந்தால் இரண்டும் கூடிவிடும்.

இது ஒரு அலை இல்லை என்பதை எப்படியாவது சொல்லிவிடுங்கள். அலை வந்து அடித்துவிட்டுத் திரும்பும். இது கடல் மட்டமே உயர்ந்து, மணிக்கணக்கில் அப்படியே நிற்பது. அதன்மேல் அலைகள் தனியாக அடிக்கும். ஒரு கன மீட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்கு மேல் எடை. இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று யாரும் நிற்க முடியாது.

பழைய அகராதி:
ஜெர்மன், டச்சு மொழிகளில் இதற்குப் புயலையும் வெள்ளத்தையும் சேர்த்து ஒட்டிய சொல்தான். ஜெர்மனில் "ஷ்டுர்ம்ஃப்லூட்". 1953-இல் வடகடல் பொங்கி நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்த நிகழ்வையும் அவர்கள் வெள்ளம் என்றுதான் நினைவுகூர்கிறார்கள். குழந்தைக்கும் புரிகிற சொல். தமிழில் "புயல் வெள்ளம்" வைக்கலாமா?

செய்தியறை:
வேண்டாம் ஐயா. நம் வாசகருக்குப் புயல் வெள்ளம் என்றால் மழை பெய்து ஏரி உடைவதுதான் மனதில் வரும். "கடல்" என்ற சொல் உள்ளே இருந்தே ஆக வேண்டும்.

"கடல் சீற்றம்", "கடல் கொந்தளிப்பு" இரண்டும் கூடாது. அவை பெரிய அலைகளைக் குறிக்கும். "கடல் சீற்றமாகக் காணப்படும்" என்ற வரியைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டார்கள், மீன்பிடிக்கப் போகக் கூடாது என்பதற்கு மேல் அதில் யாரும் எதையும் எடுத்துக்கொள்வதில்லை. கரையிலிருந்து உள்ளே வசிப்பவருக்கு அது எச்சரிக்கையாகவே படாது.

கூர்நோக்கு:
"புயல் ஓதம்"? ஓதம் புவியியல் பாடநூலில் இருக்கிற சொல். பழந்தமிழிலும் கடல் பொங்குவதற்கு வருகிறது. அழகாகவும் இருக்கிறது.

நீலக்கடல்:
அழகுக்கு நான் தலைவணங்குகிறேன், ஆனால் எச்சரிக்கைக்கு ஆகாது. ஓதம் என்றால் சுவரில் ஏறும் ஈரம் என்று நினைப்பவர்கள்தான் இன்று அதிகம். சர்ஜ் என்ற சொல் அங்கே செய்த வேலையை ஓதம் இங்கே செய்துவிடும். பாடநூலில், கட்டுரையில் தாராளமாக வையுங்கள். கையேட்டில் வேண்டாம்.

வெண்சீருடை:
பெயரே எதற்கு? என்ன நடக்கும் என்று முழு வாக்கியமாகச் சொல்லிவிட்டால் என்ன? மருந்துச் சீட்டில் பெயரைச் சொல்வதைவிட "காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு" என்று சொல்வதுதான் வேலை செய்யும்.

யாழினி:
அக்கா சொன்ன வழியில் எழுதிப் பார்த்தேன்:

"புயல் கரையைக் கடக்கும்போது கடல்நீர் ஊருக்குள் புகும். நீர்மட்டம் 3 மீட்டர் வரை உயரக்கூடும். இது வந்து திரும்பும் அலை அன்று, பல மணி நேரம் வடியாமல் நிற்கும். காற்று தொடங்கும் முன்பே மேடான இடத்துக்குப் போய்விடுங்கள்."

தலைப்பாக மட்டும் "புயலால் கடல் உட்புகுதல்" என்று வைத்திருக்கிறேன். கலைச்சொல் தேடி வருபவர்களுக்காகப் பின்னிணைப்பில் "புயல் எழுச்சி", "புயல் ஓதம்" இரண்டையும் கொடுத்துவிடுகிறேன்.

செய்தியறை:
நன்றாக வந்திருக்கிறது. இரண்டு திருத்தம். "அன்று" என்பதை "இல்லை" ஆக்குங்கள், வேகமாகப் படிப்பவர் அதை நாள் என்று எடுத்துக்கொள்வார். "3 மீட்டர் வரை" என்பதற்குப் பக்கத்தில் "ஒரு மாடி உயரம்" என்று சேருங்கள். மீட்டரை மனதில் கண்டு பயப்படுபவர்கள் குறைவு.

நீலக்கடல்:
எதிலிருந்து 3 மீட்டர் என்றும் வேண்டும். "வழக்கமான கடல் மட்டத்தைவிட" என்று போடுங்கள். இல்லாவிட்டால் வீட்டு வாசலிலிருந்து அளப்பார்கள்.

தேர்வுக்காரன்:
என் கேள்வி சின்னதுதான், ஆனால் இழை முழுவதும் படித்தேன். ஒரு சந்தேகம்: "சடன் சர்ஜ்" என்று எழுதினால் கூறியது கூறல் ஆகாதா?

செய்தியறை:
கண்டிப்பாகப் பார்த்தால் ஆகும் தம்பி, திடீர்த்தன்மை சர்ஜுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் எல்லோரும் எழுதுகிறார்கள், தப்பென்று யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். "ஷார்ப்" போடுவதும் அப்படித்தான். தேவையில்லாமல் போடாதே, அவ்வளவுதான்.

யாழினி:
மூன்று திருத்தமும் செய்துவிட்டேன். முகாம் பகுதியில் "நெருக்கப்பட்டது" போட்டாயிற்று. மின்வழி அண்ணா, மின்சாரப் பகுதியில் நியூட்ரல் அறுவது, சர்ஜ் ப்ரொடெக்டர், ஸ்டெபிலைசர் மூன்றையும் தனித்தனிப் பத்தியாகப் பிரித்து நாளைக்குள் இங்கேயே இடுகிறேன். "துள்ளல்" எங்கெல்லாம் பொருந்துகிறது, எங்கே இடிக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மின்வழி:
இடுங்கள் அம்மா, பார்க்கிறேன். மின்சாரம் திரும்பும் முன் பிளக்குகளைக் கழற்றி வைக்கச் சொல்லும் வரியை மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.